புகைக்காகப் பிறந்த விளக்கு

காரின் டாஷ்போர்டில் எஞ்சின் வடிவில் மஞ்சளாக எரிகிற சிறு விளக்கு, எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக அங்கே வைக்கப்படவில்லை. எஞ்சினுக்கு உயிராபத்து நேரும்போது எரிவதற்கு வேறு விளக்குகள் உண்டு. ஒயில் அழுத்தம் விழுந்தால் ஒன்று, தண்ணீர் கொதித்தால் ஒன்று, பற்றரிக்கு மின்னேற்றம் நின்றுபோனால் ஒன்று. அவை சிவப்பு. முதல் இரண்டில் எது எரிந்தாலும் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வேறு யோசனை வேண்டியதில்லை. மூன்றாவது கொஞ்ச நேரம் மட்டும் தரும். மஞ்சள் விளக்கின் பிறப்பு வேறு. அது சட்டம் கேட்டு வந்தது. அது காவல் காப்பது பின்பக்கக் குழாயால் வெளியேறும் புகையை. இது தெரியாததால்தான் இந்த விளக்கைப் பற்றி இரண்டு நேரெதிரான பிழைகள் நடக்கின்றன. ஒருவர் நடுவீதியில் காரை நிறுத்திவிட்டுப் பதறுகிறார். இன்னொருவர் ஆறு மாதம் அதை எரியவிட்டு ஓட்டுகிறார். விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்று விளங்கினால் இரண்டுக்கும் இடமில்லை. அது நோயின் பெயரைச் சொல்லும் கருவியுமில்லை, சும்மா பயமுறுத்தும் பூச்சாண்டியுமில்லை. காரின் கணினி தனக்குள் நெடுநேரம் நடத்திய ஒரு விசாரணையின் முடிவு அது. காரணத்தைத் தேடும் வேலை அந்த முடிவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதைத் தேட வேண்டிய இடமோ கார் ஓடுகிற ஊரைப் பொறுத்து மாறும். மட்டக்களப்பு வாவிக்கரையில் அது பெரும்பாலும் உப்பிலும் நீரிலும் தூசியிலும் இருக்கும்.

கதை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்குகிறது. 1940களில் அந்த நகரத்தின் மேல் கண்ணைக் கரிக்கும் ஒரு மூட்டம் கவியத் தொடங்கியது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டவர் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற ஒல்லாந்து வேதியியலாளர். அதற்கு முன் அவர் அன்னாசிப் பழத்தின் வாசனை எந்தெந்தச் சேர்வைகளால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மணத்தைப் பிரித்தறியும் அதே திறமை பிறகு நாற்றத்துக்கும் உதவியது. கார்கள் கக்கும் எரியாத ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். 1967இல் கலிபோர்னியா காற்று வளச் சபை அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அமெரிக்காவில் 1975 ஆண்டு மாதிரிகளிலிருந்து கார்களின் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கன்வெர்ட்டர் பொருத்தப்படலாயிற்று. அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. கன்வெர்ட்டர் பழுதானாலும் கார் வழமைபோலவே ஓடும். ஓட்டுபவருக்கு ஒரு குறையும் தெரியாது. தெரியாத குறையைத் திருத்த எவரும் பணம் செலவழிக்கமாட்டார்கள். ஆகவே கார் தன்னைத் தானே கண்காணிக்க வேண்டும், குறை கண்டால் உரிமையாளருக்குச் சொல்லவும் வேண்டும் என்று கலிபோர்னியா 1988 ஆண்டு மாதிரிகளிலிருந்து கேட்டது. அந்தச் சுயகண்காணிப்பு முறையின் இரண்டாம் தலைமுறையான ஓபிடி-2, 1996இலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இல் வந்தது. ஜப்பானும் தன் விதிகளை இயற்றிக்கொண்டது. ஜப்பானில் ஓடி முடித்து ரீகண்டிஷனாக இலங்கைக்கு வந்திறங்கிய விட்ஸ், அக்குவா, வேகன் ஆர் எல்லாம் இந்தச் சட்டப் பரம்பரையின் பிள்ளைகள்தான்.

விசாரணை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். பெற்றோல் முழுவதும் எரிய ஒரு கிலோ பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போன்ற மட்பாண்டக் கட்டியின் மேல் பூசிய பிளாற்றினமும் பலேடியமும் ரோடியமும், இந்த விகிதத்தை ஒட்டி நிற்கும்போது மட்டுமே ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டு, காபனோரொட்சைட்டு என்ற மூன்று நச்சுகளையும் ஒன்றாக அழிக்கின்றன. விகிதம் பிசகாமல் பார்க்கிறது ஒட்சிசன் சென்சர். புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் அது 0.1 வோல்ற் அளவில் நிற்கும். பெற்றோல் மிஞ்சினால் 0.9 வரை ஏறும். கணினி இதைப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எங்கோ ஒரு குழாயில் வெடிப்பு விழுந்து கூடுதல் காற்று நுழைந்தால், பழைய கார்பரேற்றர் கார் திக்கித் திணறி ஓட்டுநரிடம் முறையிட்டிருக்கும். இன்றைய கார் முறையிடாது. கணினி பெற்றோலைக் கொஞ்சம் கூட்டிச் சமாளித்துவிடும். வெடிப்பு பெருத்தால் இன்னும் கூட்டும். பல கார்களில் அந்தக் கூட்டல் ஏறத்தாழக் கால்வாசியை எட்டிய பிறகுதான் கணினி கைவிரித்து விளக்கை எரியவிடுகிறது. அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கலாம்.

‘விளக்கு எரிகிறதுதான், ஆனால் கார் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்ற வாதம் இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது. கார் நன்றாக ஓடுவதற்குக் காரணமே கணினி குறையை மூடிமறைப்பதுதான். அன்றைய மொரிஸ் மைனர்கள் இப்படி ஒரு விளக்கும் இல்லாமல் பல தசாப்தங்கள் ஓடவில்லையா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். அந்தக் கார்களில் ஓட்டுநரின் காதும் மூக்குமே சென்சர்கள். குறையை அவரிடமிருந்து மறைக்க அங்கே யாரும் இருக்கவில்லை. இன்று நம் புலன்களின் வேலையைக் கணினி வாங்கிக்கொண்டுவிட்டது. அந்தப் பண்டமாற்றில் நமக்குத் திரும்பக் கிடைத்தது இந்த ஒரு விளக்கு மட்டுமே.

அது அவசரப்பட்டு எரிவதுமில்லை. பெரும்பாலான குறைகளை ஒரு பயணத்தில் கண்டால் கணினி குறித்து மட்டும் வைத்துக்கொள்கிறது. அடுத்த பயணத்திலும் அதே குறை தெரிந்தால்தான் விளக்கு எரியும். பொதுவாக, புகை சட்டம் அனுமதித்த அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்ற நிலையே கலிபோர்னியா வைத்த வாசல். குறை தானாக மறைந்து, மூன்று பயணங்கள் தொடர்ந்து சோதனை தேறினால் விளக்கும் தானாக அணையும். குறையைக் குறிக்கக் கணினியின் நினைவில் பதிந்த குறியீடு அதற்குப் பிறகும், எஞ்சின் சூடாகி ஆறும் சுற்று நாற்பது முடியும்வரை பெரும்பாலும் தங்கியிருக்கும். ஆகவே அசையாமல் எரியும் மஞ்சள் விளக்கு ‘இப்போதே நில்’ என்று சொல்லவில்லை. சத்தமோ குலுக்கலோ இழுவைக் குறைவோ இல்லையென்றால், சிவப்பு விளக்கு எதுவும் கூடவே எரியவில்லையென்றால், களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு நிதானமாக ஓட்டி வரலாம். சில நாட்களுக்குள் குறியீட்டை வாசிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இந்த நிதானத்துக்கு ஒரு விலக்கு உண்டு. அது விளக்கு மினுக்குவது. ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் தவறிப்போவதை மெக்கானிக்குகள் மிஸ்ஃபயர் என்கிறார்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது அதற்குள் விநாடிக்கு 100 எரிதல்கள் நடக்கின்றன. ஒவ்வொரு எரிதலும் சுழல்தண்டுக்கு ஓர் உந்து கொடுக்கிறது. ஓர் எரிதல் தவறினால் அந்த உந்து இல்லாமல் தண்டு துளியளவு தாமதிக்கும். பல்சக்கரத்தின் பற்கள் சென்சரைக் கடக்கும் நேரத்தை அளந்து, எந்தச் சிலிண்டர் தவறியது என்பதையே கணினி கண்டுபிடித்துவிடும். குறியீடு பி 0301 என்றால் முதலாவது, பி 0302 என்றால் இரண்டாவது. எரியாத பெற்றோல் வீணாவதோடு கதை முடிவதில்லை. அது கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. சில நூறு பாகை செல்சியஸில் வேலை செய்யப் படைத்த பொருள் 1000 பாகைக்கு மேல் போனால் பூச்சு கெடும், பிறகு கட்டியே உருகி அடைக்கும். இரண்டாவது பயணம்வரை காத்திருக்க இதில் நேரமில்லை. அதனால்தான் விளக்கு உடனே மினுக்குகிறது. காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்து, வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே சரி. பெரும்பாலும் குற்றவாளி ஒரு பிளக் அல்லது கொயில். அதை மாற்றும் செலவு கன்வெர்ட்டரை மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான். கரடுமுரடான வீதியும் சுழல்தண்டைக் குலுக்கும் என்பதால் கணினி ஏமாறக்கூடும். சில கார்கள் சில்லுகளின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து வீதியின் குலுக்கலைக் கழித்துவிடுகின்றன. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் கிரவல் பாதைகளில் மட்டும் மினுக்கி, தார் வீதியில் ஏறியதும் ஓய்கிற விளக்கு இருந்தால், அந்த விவரத்தை மெக்கானிக்கிடம் சொல்வது அரைவாசி வேலையை முடித்துவிடும்.

இனி ஊருக்கு வருவோம். வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவே கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி நிற்கின்றன. எழுவான்கரை எனப்படும் இந்தக் கிழக்குக் கரையில் நிறுத்திய காருக்கு இரு பக்கமும் உவர்நீர். கடல் அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வந்து எல்லாவற்றின் மேலும் உப்பாகப் படியவைக்கிறது. அந்தப் படிவு மழைக்குக் காத்திருப்பதில்லை. சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதி ஈரப்பதன்கூடத் தேவையில்லை. இந்தக் கரையில் இரவு ஈரப்பதன் 75ஐத் தாண்டுவது வழமையான செய்தி. அப்படியானால் ஒரு துளி மழை பெய்யாத நாளிலும் பொனற்றுக்குள் இருக்கும் வயர் முனைகளின் மேல் மின்னைக் கடத்தும் உப்புநீர்ப் படலம் ஒன்று இரவில் உருவாகிப் பகலில் காய்கிறது. பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவது அதனால்தான்.

அந்தக் களிம்பு எப்படி விளக்கை எரியவைக்கும் என்பதற்கு எஞ்சினின் வெப்பநிலைச் சென்சரே நல்ல சாட்சி. அது ஒரு தடை. சூடு ஏற ஏற அதன் தடை குறையும். வழமையான ஒரு சென்சரில் 20 பாகையில் 2000 ஓமுக்கு மேலும், 80 பாகையில் 300 ஓம் அளவிலும் இருக்கும். களிம்பேறிய முனை இன்னொரு 300 ஓமைச் சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணினிக்குத் தெரிவது 600 ஓம். அதன் அட்டவணையில் அது ஏறக்குறைய 60 பாகை. சித்திரை வெயிலில் தார் உருகும் வீதியில் நின்றுகொண்டு, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கணினி முடிவு செய்கிறது. சில கார்களில் பி 0128 என்ற குறியீடு விழும். எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டவில்லை என்பது அதன் பொருள். குறியீட்டை அப்படியே நம்பினால் தெர்மோஸ்ராற் மாறும். இன்னும் கொஞ்சம் யோசித்தால் சென்சர் மாறும். இரண்டிலும் பிழையில்லாமல் இருக்க, பிழையான அந்த முனை அப்படியே இருக்கும். புதிய சென்சரைக் கழற்றி மாட்டியபோது களிம்பு கொஞ்சம் உரசுப்பட்டுப் போனதால் விளக்கு சில வாரம் அணைந்தும் கிடக்கும். ‘சென்சரை மாத்தினோம், சரியாகிவிட்டது’ என்ற சான்றிதழ்களில் எத்தனை இப்படிக் கிடைத்தவையோ.

புகைக்குழாயின் கதை இதைவிடச் சிக்கலானது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகி ஆவியாக வெளியேறுகிறது. கல்லடியிலிருந்து பாலம் கடந்து நகரத்துக்குப் போய் உடனே திரும்புகிற ஓட்டத்தில் குழாய் முழுதாகச் சூடாவதில்லை. அந்த நீரில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். உள்ளேயிருந்து நீரும் வெளியேயிருந்து உப்பும் இரும்பைத் தின்கின்றன. முதலாவது ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் ஊசித்துளை விழுந்தால், புகை துடிப்புத் துடிப்பாகப் போகிற இடைவெளிகளில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சர் உண்மையைத்தான் சொல்லும்: ஒட்சிசன் மிகுந்திருக்கிறது. ஆனால் அந்த ஒட்சிசன் எஞ்சினிலிருந்து வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. கணினி பெற்றோலைக் கூட்டும். பெற்றோல் செலவு ஏறும். கடைசியில் பி 0171, கலவையில் பெற்றோல் போதவில்லை என்ற குறியீடு விழும். உண்மையில் அப்போது பெற்றோல் மிதமிஞ்சிப் போய்க்கொண்டிருக்கிறது! துளை, கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஒட்சிசன் சென்சர்களுக்கும் நடுவில் விழுந்தால் வேறு பெயர் வரும். கன்வெர்ட்டரைக் கணினி நேரடியாகச் சோதிப்பதில்லை. நல்ல கன்வெர்ட்டர் ஒட்சிசனைத் தனக்குள் சேர்த்து வைத்துப் பிறகு விடுவதால், பின்னால் உள்ள சென்சர் அதிகம் அசையாது. அது முன்சென்சரைப் போல ஆடத் தொடங்கினால் கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று கணினி ஊகிக்கிறது. பி 0420 என்பது அந்த ஊகத்தின் பெயர். துளைவழி நுழையும் காற்றும் பின்சென்சரை ஆட்டிவைக்கும். உப்புக்கரையில் பி 0420 விழுந்த காருக்குக் கன்வெர்ட்டர் விலை விசாரிக்க முதல், காரைத் தூக்கிக் குழாயின் பொருத்துகளைத் தட்டிப் பார்ப்பது அதனால்தான் புத்தி.

விளக்கு எரிந்தவுடன் பெற்றோல் மூடியை இறுக்கிப் பாருங்கள் என்று எங்கும் சொல்லப்படும் ஆலோசனையையும் ஊரறிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தாங்கியிலிருந்து ஆவி கசிகிறதா என்று சோதிப்பதை அமெரிக்கச் சட்டம்தான் கேட்டது. ஐரோப்பிய விதிகள் அதைக் கேட்கவில்லை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த கார்களிலும் அந்தச் சோதனை பொதுவாக இல்லை. மூடியை இறுக்குவதில் நட்டமில்லை. அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதில்தான் நட்டம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். லொஸ் ஏஞ்சல்ஸ் மலைகளால் சூழப்பட்டு, அசையாத காற்றில் இலட்சக்கணக்கான கார்களோடு மூச்சுத்திணறிய நகரம். மட்டக்களப்பில் ஒரு பக்கம் கடல்காற்று, மற்றப் பக்கம் வாவி. அங்கே தேவைப்பட்ட காவற்காரனுக்கு இங்கே ஏன் கீழ்ப்படிய வேண்டும்? காற்றைப் பற்றிய வாதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் பதில் இருக்கிறது. புகையில் குறையென்று விளக்கு சொல்வதில் பெரும்பகுதி, காசு கொடுத்து வாங்கிய பெற்றோல் சரியாக எரியவில்லை என்பதே. 2022 ஜூன் 26இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியதையும், அதன் பிறகு கியூஆர் அட்டையைக் காட்டிப் பங்கீட்டுக்கு வரிசையில் நின்றதையும் இந்த மாவட்டம் மறந்திருக்காது. அப்படியொரு காலத்தில் பெற்றோலைக் கணினி கால்வாசி கூட்டி ஊற்றுவது என்ன விலை என்று வாய்ப்பாடு தெரிந்த எவரும் கணக்குப் போடலாம். அதே மாதங்களில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்தான். ஆகஸ்டில்தான் அது 340ஆக ஏறியது.  470க்கும் 87க்கும் நடுவிலிருந்த பள்ளம் கலப்படக்காரருக்கு ஆசை காட்டக்கூடியது. பெற்றோலில் கலந்த மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் மிஸ்ஃபயரையும் தட்டலையும் உண்டாக்கும். எரிபொருள் நிரப்பிய அன்றோ மறுநாளோ விளக்கு எரிந்தால், எங்கே எப்போது நிரப்பியது என்பதும் தடயங்களில் ஒன்று.

அடுத்த மறுப்பு கராஜிலிருந்து வரும்: இது சும்மா சென்சர் பிழை, ஸ்கேனரைப் போட்டு அழித்துவிட்டால் போதும். சென்சர்கள் பழுதாவது உண்மை. ஆனால் அழிப்பதில் ஓர் இழப்பு இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. குறை பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், சூடு, சுமை, கார் ஓடிய வேகம், பெற்றோல் கூட்டிய அளவு எல்லாவற்றையும் கணினி ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் இந்தப் பக்கமும் அழியும். பற்றரியைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் இதே கதிதான். பி 0171 என்ற குறியீடு மட்டும் கையில் இருந்தால் பத்துக் காரணங்கள் சாத்தியம். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது அது விழுந்தது என்று தெரிந்தால், வெளிக்காற்று உள்நுழையும் கசிவின் பக்கம் சந்தேகம் சாயும். வேகமாக ஓடும்போது விழுந்தது என்றால் பெற்றோல் பம்பியோ பில்டரோ. ஆகவே அழிக்க முதல் குறியீட்டையும் அந்தப் பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளும்படி கேட்பது உரிமையாளரின் உரிமை. மலிவான புளூடூத் கருவிகளால் இதை வீட்டிலேயே செய்யலாம், பழைய ஜப்பான் உள்நாட்டுக் கார்கள் சில அந்தக் கருவிகளின் பொதுமொழிக்குப் பதில் சொல்லாது என்றாலும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் ஒரு பாவித்த சென்சரை வரவழைக்கும் செலவோடு ஒப்பிட்டால், வயர் முனையைக் கழற்றி, களிம்பைத் துடைத்து, மின்முனைக்கென்று விற்கும் திரவத்தால் கழுவி மாட்டிப் பார்க்கும் செலவு ஒன்றுமேயில்லை. மலிவானதை முதலில் சோதிப்பது கஞ்சத்தனமாகத் தெரியலாம். நிகழ்தகவைப் பார்த்தால் இந்தக் கரையில் அதுவே சரியான வரிசை.

மாரி வந்தால் வேறு கணக்கு. கார்த்திகை முதல் தைவரை வடகீழ்ப் பருவமழையில் படுவான்கரை வீதிகள் பல நீரில் மூழ்குகின்றன. கிரான் புலிபாய்ந்தகல் வீதி அறுபடுவது வெள்ளச் செய்திகளில் தவறாமல் வருவது. தேங்கிய நீரைக் கடந்த பிறகு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து கார் வழமைபோல ஓடினால், நனைந்த முனையோ, சூட்டில் சிவந்திருந்த ஒட்சிசன் சென்சர் குளிர்நீர் பட்டு வெடித்ததோ காரணமாக இருக்கலாம். காயவிட்டுப் பிறகு பார்க்கலாம். நீருக்குள் எஞ்சின் தானாக நின்றுபோனால் விளக்கைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். காற்றை உறிஞ்சும் குழாய்வழி சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அதை நெரிக்க முடியாது. மறுபடி ஸ்டார்ட் பண்ணும் அந்த ஒரு முயற்சியிலேயே பிஸ்டன் கம்பி வளையலாம். இங்கே விளக்கால் ஒரு உதவியும் இல்லை. புகையைக் கவனிக்கவென்று செய்த கருவியிடம் வெள்ள எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது.

தூசி கிளப்பும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஹைபிரிட் கார்களுக்கு இன்னொரு தொல்லை. அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் பெரிய பற்றரியைக் குளிரவைக்கும் காற்று பின் சீற்றருகே உள்ள துவாரத்தால் போகிறது. அது தூசியால் அடைபட்டால் பற்றரி சூடேறும், ஆயுள் குறையும். எஞ்சின் விளக்கோடு சிவப்பு முக்கோணமும் சேர்ந்து எரிந்து பி 0ஏ80 என்ற குறியீடு வந்தால் பற்றரியே தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் துவாரத்தைச் சுத்தமாக வைத்திருப்பது உரிமையாளரின் வேலை. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடுவது அவருடைய வேலை இல்லை. அவற்றில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம்.

கணினியையே நம்பலாமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 2015இல் வொக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது. சோதனைக்கூடத்தில் நிற்கிறோமா வீதியில் ஓடுகிறோமா என்று கண்டுபிடித்து, சோதனையின்போது மட்டும் சுத்தமாக எரியும் மென்பொருள் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் டீசல் கார்களில் இருந்தது. வீதியில் அவை நைதரசன் ஒட்சைட்டை அளவுமீறிக் கக்கியபோது டாஷ்போர்டு அமைதியாக இருந்தது. மேற்கு வேர்ஜினியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீதியிலேயே ஓடும் காரில் புகையை அளந்ததால்தான் அது வெளியே வந்தது. இதிலிருந்து விளக்கு முழுப்பொய் என்று முடிவுகட்டுவது பாய்ச்சல். நிரூபணமாவது இவ்வளவுதான்: எரியாத விளக்கு பெரிய சான்று ஆகாது, எரிகிற விளக்கு சான்றுதான். இலங்கையில் 2008இலிருந்து வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் கேட்கப்படும் புகைச் சான்றிதழுக்கும் ஒரு எல்லை உண்டு. பெற்றோல் கார் நின்ற இடத்தில் சும்மா ஓடும்போதும் நிமிடத்துக்கு 2500 சுழற்சியிலும் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எவ்வளவு என்று அது அளக்கிறது. நாலு பேரை ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் மிஸ்ஃபயர் ஆகும் கார் அதில் அழகாகத் தேறிவிடும். சான்றிதழ் கிடைத்தது, ஆகவே விளக்கு பொய் என்று சொல்பவர் இரண்டு வெவ்வேறு கேள்விகளின் பதில்களை ஒப்பிடுகிறார்.

எரியாத விளக்கு சான்றாகாது என்பது பாவித்த கார் வாங்கப் போகிறவருக்குத்தான் மிகவும் வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகள் நாட்டிலிருந்த கார்களே கைமாறிக் கைமாறி வயதேறின. திறப்பை ‘ஓன்’ நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் டாஷ்போர்டைப் பாருங்கள். மஞ்சள் எஞ்சின் விளக்கு அப்போது கட்டாயம் எரிய வேண்டும்; ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவேயில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், யாரோ கழற்றியிருக்கலாம், ஒட்டியும் மறைத்திருக்கலாம். எரிந்து அணைந்தாலும் ஸ்கேனரை மாட்டி, கணினியின் தன்சோதனைகள் முடிந்துவிட்டனவா என்று பாருங்கள். குறியீடுகளை அழித்தால் கன்வெர்ட்டர், ஒட்சிசன் சென்சர் சோதனைகளின் முடிவுகளும் சேர்ந்து அழியும். அவை மீண்டும் நிரம்பப் பல பயணங்கள் வேண்டும். குறியீடு ஒன்றுகூட இல்லாமல், சோதனைகள் பலவும் ‘முடியவில்லை’ என்று காட்டினால், அண்மையில் யாரோ எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். விற்பவரிடம் இரண்டு மூன்று நாள் தவணை கேட்டு, கார் நன்றாக ஓடிய பிறகு அதே ஸ்கேனரோடு திரும்பிப் போகலாம்.